காரணம் கூறுக

"'கோடையில் பருத்தி உடை அணிகிறோம். காரணம் கூறுக.' இதுக்கு என்னம்மா எழுதியிருக்கே?"

"காரணம்தான்."

"'வேறு துணி வாங்க வழியில்லாததால்.' இதுவா காரணம்?"

"நமக்கு அதுதானேடி?"

மகள் சிவப்புப் பேனாவை மேசைமேல் எறிந்தாள். அது உருண்டு கீழே விழுந்தது. அம்மா நிதானமாகக் குனிந்து எடுத்து, மூடி போட்டு, மகள் கையிலேயே திரும்ப வைத்தாள்.

பத்தாம் வகுப்பு அறிவியல். தனித்தேர்வராக எழுதி, மற்ற பாடமெல்லாம் தேறிவிட்ட அம்மா, இதில் மட்டும் இரண்டு தடவை கோட்டைவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷ வேலை. ரத்தக் கறையில் வெந்நீர் ஊற்றினால் கறை இன்னும் இறுகும், எந்தக் காரத்தில் கை வேகும், எதில் துணி நைந்துபோகும், எல்லாம் அத்துப்படி. பாடம் தெரியாதவள் இல்லை. கேள்விதான் பிடிபடவில்லை.

அதுதான் மகளுக்கு ஆத்திரம். அந்த வீட்டில் முதன்முதலாகக் கேள்வித்தாளைக் கண்டவள் அவள். 'வரையறு' என்றால் ஒரு வரி, 'விவரி' என்றால் ஒரு பக்கம் என்று சொல்லித்தர நாதியில்லை. வரையறுக்கச் சொன்னதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, விவரிக்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது. முட்டி மோதிப் பட்டம் வாங்கி, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் மண் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தக் காந்தல் ஆறவில்லை. அம்மாவின் பெயர் அச்சடித்த சான்றிதழ் ஒன்றைக் கண்ணால் பார்த்தால்தான் ஆறும். எப்போதாவது வந்து, பையைக்கூட இறக்காமல் கிளம்பிக்கொண்டிருந்தவள் இப்போது ஞாயிறு தவறாமல் முதல் பஸ்ஸில் வருவது அதற்காகத்தான்.

"மார்க்கைப் பாரும்மா. ரெண்டு மார்க்னா நாலு வரி. அதுக்கு மேல வேணாம்."

அடுத்த ஞாயிறு ஒரு விடை, 'இதயம் ரத்தத்தை உடலின் எல்லாப்' என்று நின்றிருந்தது. முற்றுப்புள்ளி வேறு.

"எல்லாப்... அப்புறம்?"

"நாலு வரி முடிஞ்சுபோச்சே."

"அதுக்காக ரத்தத்தை நடுவழியில நிறுத்துவியா? ஆள் செத்துருவான்மா!"

"நீ சொன்னா கேக்கணும்ல?"

சரி, கேள்வியில் எது முக்கியமான சொல்லோ அதற்கு அடிக்கோடு போடச் சொன்னாள். அம்மா அளவுகோல் வைத்து இரண்டு நிறத்தில் கேள்வித்தாள் முழுவதற்கும் கோடு போட்டாள். அச்சகத்தின் பெயரையும் விடவில்லை. விடை எழுத இருபது நிமிஷம் மிஞ்சியது.

'சரியா, தவறா? தவறெனில் திருத்துக.' பத்தையும் திருத்தியிருந்தாள்.

"ஒலி வெற்றிடத்துல பரவாதுங்கறது சரிதானேம்மா? அதை ஏன் திருத்தினே?"

"சும்மா 'சரி'ன்னு எழுதினா சோம்பேறின்னு நினைச்சுக்குவாங்க."

கடைசியாக, பத்தில் ஏதேனும் ஐந்துக்கு மட்டும் விடையளிக்கப் பழக்கினாள். அம்மா தேடித் தேடித் தெரியாத ஐந்தை எடுத்திருந்தாள்.

"சோப்பு அழுக்கை எப்படி நீக்குதுன்னு கேட்டிருக்கான். உன் பொழப்பே அதுதானே! அதைப் போய் விட்டிருக்கே?"

"தெரிஞ்சதை எதுக்குத் திரும்ப எழுதிக்கிட்டு? பாவம், கேக்கறவனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

மகள் முட்டிக்கொள்ளச் சுவரைத் தேடினாள். சுவருக்கும் அவளுக்கும் நடுவில் அம்மாவின் நாற்காலி. காலையில் எதிரே கிடந்த நாற்காலி, ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, முழங்கை இடிக்குமளவுக்கு வந்திருந்தது.

"கிட்ட உக்காந்து சொன்னாத்தான் மண்டையில ஏறுது," என்றாள் அம்மா.

"எனக்கு இப்படி யாராவது பக்கத்துல உக்காந்திருந்தா..." மகள் பாதியில் விழுங்கினாள்.

"அப்போ எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்டி."

சலவைத்தூள் அரித்த விரலால் அம்மா புத்தகத்தில் ஒரு வரியைத் தொட்டாள். "சவ்வூடு பரவல். இன்னொரு தடவை சொல்லு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

முடிவு வந்த அன்று மகள்தான் போன் செய்தாள்.

"போச்சுடி," என்றாள் அம்மா.

"நம்பரைச் சொல்லு. நானே பாக்கறேன்."

"நுழைவுச்சீட்டைத் துணியோட சேத்துத் துவைச்சுட்டேன்."

மூன்று தடவையும் இதே கதை. எத்தனையோ டாக்டர்களின் சட்டைப்பையைத் தடவிப் பேனாவையும் மாத்திரையையும் எடுத்து வைத்துவிட்டுத் துவைக்கும் கை, தன் சீட்டை மட்டும் மூன்று தடவை கஞ்சியாக்கியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று மகளுக்குத் தெரியவில்லை.

"விடு, அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை வந்துருவேல்ல?"

"வரமாட்டேன். எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியலை. உன்னைக் கெடுத்ததே நான்தான். நல்ல டியூஷன் வாத்தியாராப் பாத்துச் சேத்துவிடறேன்."

"வாத்தியாரெல்லாம் வேணாம்!" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "நீ சொன்னாத்தான் எனக்குப் புரியும்."

"புரிஞ்ச லட்சணத்தைத்தான் பாத்தோமே. சரி, விடைத்தாள் நகல் வாங்கிப் பாக்கறேன். நீ எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சாகணும்."

"அங்கெல்லாம் போகாதேடி. எழுதினது எழுதினதுதான்... சொன்னா கேளு."

வெட்கப்படுகிறாள் என்று நினைத்தாள் மகள். அந்த வெட்கம்தான் அவளைத் திங்கட்கிழமை லீவு போட வைத்து, தேர்வு அலுவலகத்தின் சன்னல்முன் நிறுத்தியது.

"விடைத்தாளா? யாருது?" என்றார் குமாஸ்தா.

"எங்கம்மாவோடது. அறிவியல். மூணு தடவை தோக்கடிச்சிருக்கீங்க." அவள் குரல் வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. "ஒரு கேள்வியையாவது மனுஷங்க பேசற மாதிரி கேப்பீங்களா? கையை வேக வச்சு வேதியியல் கத்துக்கிட்டவ சார் அவ. அவளை உக்கார வச்சு முட்டாளாக்கறதுக்கு ஒரு பரீட்சை!"

குமாஸ்தா பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டுத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அந்தம்மா பொண்ணா நீ? முதல் தடவையே தொண்ணூத்தி நாலு மார்க்கும்மா. சர்டிபிகேட் வாங்க வந்தப்போ, 'ஃபெயில்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார், எம் பொண்ணுகிட்ட காட்டணும்'னு இந்த சன்னல்ல நின்னு கெஞ்சின ஒரே ஆள் அவங்கதான்."