உடனடிப் பிரிவின் பீரோ

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அப்புறம் மனித குலத்துக்குக் கிடைத்த பெரிய நன்மை, எங்கள் நகராட்சி 'உடனடி விசாரணைப் பிரிவு' தொடங்கியதுதான். கைதான எவரையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். அதற்கு ஆள் போடும் 'புனிதப் பணி' மேலாளரான என் தலையில் விழுந்தது.

மொத்தம் பத்துப் பணியிடங்கள். வேகத்தைக் கண்காணிக்க ஒருவர், அவரைக் கண்காணிக்க இருவர், தாமதத்துக்கு வருத்தக் கடிதம் எழுத ஆறு பேர் என்று ஒன்பதை மளமளவென்று நிரப்பிவிட்டேன். கோப்பை எடுத்து நீதிபதியின் மேஜையில் வைக்கும் எழுத்தர் இடம் மட்டும் காலி. அதை நிரப்பும் கோப்பை எடுத்துவைக்க எழுத்தர் இல்லை.

எங்கள் முதல் கைதி ஒரு பூட்டுக்காரர். திங்கட்கிழமை காலையில், சாவியைத் தொலைத்த ஒருவருடைய வீட்டுக் கதவைத் திறந்துகொடுக்கும்போது பிடிபட்டார். "ஐயோ, நான்தாங்க கூப்பிட்டேன்!" என்று வீட்டுக்காரர் கத்தினார். அதையெல்லாம் விசாரணையில்தான் கேட்க வேண்டும், தெருவில் கேட்பது முறையல்ல. திருட்டு வழக்கு பதிவாயிற்று. பூட்டுக்காரரின் சாவிக்கொத்து 'சான்றுப் பொருள்' என்று எங்கள் பீரோவுக்குள் போயிற்று.

மறுநாள் அவர் மனைவி வந்தார்.

"சார், எங்க கடைச் சாவியும் அந்தக் கொத்துலதான் இருக்கு. பூட்டை உடைச்சா என்னையும் பிடிச்சிடுவாங்க. கடை தொடர்ந்து பத்து நாள் மூடிக்கிடந்தா லைசென்ஸ் ரத்தாம்."

"யாரும்மா ரத்து பண்றது?"

"நீங்கதான் சார்."

"அப்ப கவலையை விடுங்க. விசாரணை ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

"அந்த ஒரு நாள் நேத்தே போயிடுச்சே சார்?"

பாவம், விவரம் தெரியாதவர். சட்டம் சொல்வது அலுவலக மணி நேரம் என்று பொறுமையாக விளக்கினேன். பத்து முதல் ஐந்து வரை ஏழு மணி நேரம். அதில் சாப்பாடு, டீ, டீயைப் பற்றிய பேச்சு போக மிஞ்சுவது மூன்று. ஆக, இருபத்து நான்கு மணி நேரம் என்பது எட்டு நாள். சனி, ஞாயிறு சேர்த்தால் பத்து.

அலுவலகம் திறந்திருந்த நாளெல்லாம் அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வருத்தக் கடிதங்கள் மட்டும் வேளை தவறாமல் அவருக்குக் கிடைத்தன.

பத்தாம் நாள் நீதிபதி வந்து உட்கார்ந்தார். கோப்பு பீரோவுக்குள் இருந்தது. வேகக் கண்காணிப்பாளர் வேகமாக மூடியதில் பீரோ சாவியும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது.

"ஊர்ல பூட்டுக்காரர் யாரும் இல்லையா?" என்றார் நீதிபதி.

"ஒருத்தர் இருக்காருங்க, லாக்கப்புல" என்றார் காவலர்.

அழைத்து வந்தோம். ஒரு கம்பியை வாங்கி வளைத்தார். ஒரே நிமிடத்தில் பீரோ திறந்தது. எங்கள் பிரிவில் உடனடியாக நடந்த முதல் வேலை அதுதான். "பாத்தீங்களா, என்ன சுலபமா திறக்கறாரு!" என்று கண்காணிப்பாளர் அதையும் சான்றாகக் குறித்துக்கொண்டார்.

நீதிபதி, சாட்சியாக வந்திருந்த அந்த வீட்டுக்காரரிடம் இரண்டு கேள்வி கேட்டார், பூட்டுக்காரரை விடுவித்தார்.

"இதுக்கா பத்து நாள்?"

"ஒரு நாள்தாங்க" என்று பணிவோடு திருத்தினேன்.

வாசலிலேயே பூட்டுக்காரரிடம் உரிமம் ரத்தான உத்தரவைக் கொடுத்தேன். தேதி பிசகவில்லை. எங்கள் நகராட்சியின் உரிமப் பிரிவில் ஒரே ஒரு ஆள்தான், ஆனால் ஒரு நாளும் தாமதித்ததில்லை.

அவர் மனைவி அதை இரண்டு தடவை படித்தார்.

"சார், உங்க கணக்குல இவர் உள்ள இருந்தது ஒரு நாள்தானே?"

"ஆமாம்மா" என்றேன் பெருமையாக.

"அப்ப கடை மூடிக்கிடந்ததும் ஒரு நாள்தானே?"

நான் எங்கள் ஒன்பது பேரையும் பார்த்தேன். ஒன்பது பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒரு மனிதரின் பத்து நாளையும் பிழைப்பையும் எடுத்துக்கொண்ட அலுவலகம் வேறெங்காவது உண்டா? யோசித்துப் பார்த்தால், திருட்டு வழக்கு போட்டது சரிதான். ஆளைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டார்கள்.