அம்புலன்சில் ஏறிய கந்தப்பர்

நடிப்பு வருமென்று ஒருவனை யாரும் புகழக் கூடாது. அவனுக்கு நடிப்பு வராது என்றால் கட்டாயம் கூடாது. என்னைப் புகழ்ந்தவர் தங்கம்மா மிஸ்ஸி.

சுனாமி வந்து போய், சமாதானம் பேச்சில் மட்டும் மிஞ்சியிருந்த காலம். நான் மட்டக்களப்பில் தாதிப் பயிற்சியில் இருந்தேன். நிவாரணப் பணத்தில் எதற்கெடுத்தாலும் ஒரு பயிற்சிப் பட்டறை நடக்கும் (ரோல்ஸும் பால்தேநீரும் உண்டு என்பதால் நான் ஒன்றையும் தவறவிட்டதில்லை). அன்றைய பாடம், நீண்டகால நோயுள்ள வயோதிபர்களை ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி மாற்றும்போது தாதி செய்ய வேண்டியவை. தாதி வேலையிலிருந்து ஓய்வுபெற்றும் அதட்டலிலிருந்து ஓய்வுபெறாத தங்கம்மா மிஸ்ஸிதான் படிப்பித்தார்.

"வசந்தன், நீ பள்ளிக்கூட நாடகத்துல நடிச்சவன்தானே. நீதான் நோயாளி. பேர் கந்தப்பர். சீனி வருத்தம், பிரஷர். பாரிசவாதத்துல வாய் கோணி, பேச்சும் இல்ல. என்ன நடந்தாலும் வாய் திறக்கப்படாது."

(நாடகத்தில் நான் வாயிற்காவலன். வசனம் கிடையாது. அந்த வகையில் அனுபவம் இருந்தது.)

தலையில் பவுடர் கொட்டி என்னை நரைக்க வைத்தார்கள். காற்சட்டையைக் கழற்றிச் சாரம் உடுத்தேன். ட்ரொலியில் படுத்து, வாயை இடப்பக்கம் இழுத்துப் பிடித்தேன். என்னை ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்குத் தள்ளிச் சென்று, அங்கே நிற்கும் வாடகை வானை அம்புலன்சாகப் பாவித்து, அதன் ட்ரைவரிடம் ஒப்படைப்பது சுகந்தியின் வேலை. சுகந்தி என் வகுப்புக்காரி. எந்தப் பாடத்தையும் வரி பிசகாமல் ஒப்புவிப்பாள்.

பின்வாசலில் வான் இன்னும் வரவில்லை. உண்மையான அம்புலன்ஸ் ஒன்றுதான் நின்றது. அது சின்னத்தம்பி என்ற உண்மையான வயோதிபரை, தெற்கே அவருடைய ஊருக்குக் கிட்டவுள்ள சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்தது. பட்டறைக்காரர் தடபுடலாக அம்புலன்சே எடுத்திருக்கிறார்கள் என்று சுகந்தி நினைத்தாள். என் வருத்தம், மருந்து, கடைசியாக இன்சுலின் போட்ட நேரம், வீட்டில் பார்க்க ஆள் உண்டா என்பது எல்லாவற்றையும் ட்ரைவரிடம் ஒப்புவித்தாள்.

"தெற்கால போற ஐயாதானே?" என்றார் ட்ரைவர்.

அவரும் நடிக்கிறார் என்று எண்ணி, "ஓம் அண்ணன்" என்றாள்.

"இவ்வளவு விளக்கமா ஒருத்தரும் சொல்லித் தந்ததில்ல புள்ள" என்று பாராட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வண்டி புறப்பட்டது. ஆஸ்பத்திரி வளவுக்குள் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள் என்றிருந்தேன். கல்லடிப் பாலம் கடகடத்தபோது, வசதியான பட்டறைதான் என்று மெச்சினேன். ஆரையம்பதியும் கழிந்தது. மேற்கூரையைப் பார்த்தபடி கிடந்த எனக்கு அப்போதுதான் எங்கேயோ பிழை என்று உறைத்தது. என் பிரஷரைப் பற்றி ட்ரைவருக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கே போகிறேன் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

வாயைத் திறந்து கேட்போம் என்று தலையைத் தூக்கும்போது வண்டி நின்றது. சோதனைச் சாவடி. பின்கதவைத் திறந்த ஆமிக்காரர், "ஐ.சி. எங்க?" என்றார்.

என் அடையாள அட்டை, கழற்றி வைத்த காற்சட்டைக்குள் இருந்தது. தலையில் பவுடர், கையில் அட்டையில்லை, கிழவன் வேடத்தில் அம்புலன்சுக்குள் ஒளிந்து போகும் ஒரு தமிழ் இளைஞன். இதை எந்த மொழியில் விளக்கினாலும் எடுபடாது. வாய் தானாகவே கோணியது. அன்று முழுவதும் நான் நன்றாக நடித்தது அந்த இடத்தில்தான்.

"பாரிசவாதம் சேர். கதைக்க ஏலாது" என்றார் ட்ரைவர்.

ஆமிக்காரர் குனிந்து பார்த்தார். "ஐயாக்கு சரியா வேர்க்குது."

"சீனி இறங்குது போல சேர்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு டொபியை எடுத்து, தாளைப் பிரித்து, என் கோணல் வாய்க்குள் வைத்தார். பாரிசவாதக்காரருக்கு அப்படிக் கொடுத்தால் புரையேறும் என்று முந்தின கிழமைதான் படித்திருந்தேன். சொல்ல வாயில்லை. சப்பினேன். "பாவம்" என்று கதவைச் சாத்தினார்.

தேற்றாத்தீவு தாண்டியும் வாயைக் கோணலாகவே வைத்திருந்தேன். இன்னொரு சாவடி இருந்தாலும் இருக்கும் என்ற பயம்.

ஆஸ்பத்திரி வாசலில் சின்னத்தம்பி ஐயாவின் மகள் சோற்றுப் பார்சலுடன் காத்து நின்றார். போர்வையை விலக்கினார்.

"இது எங்கட அப்பா இல்ல."

"ஒள்ளம் வடிவாப் பாருங்க தங்கச்சி. வருத்தத்துல ஆள் மாறியிருப்பார்" என்றார் ட்ரைவர்.

"மாறினாலும் பல் முளைக்குமா அண்ணன்?"

அதற்குமேல் தாங்காமல் எழுந்து உட்கார்ந்து, "நான் வசந்தன்" என்றேன். ட்ரைவர் இரண்டடி பின்னால் பாய்ந்தார். அந்த அம்மா சோற்றுப் பார்சலால் என்னை அடித்தார். "என்ட அப்பாவை என்னடா செஞ்ச?"

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி போன பிறகு பின்வாசலில் கொண்டுவந்து விடப்பட்ட அவரை என் வகுப்பு மற்றவர்கள் பட்டறைக்குத் தள்ளிச் சென்றிருந்தார்கள். எனக்குப் பதில் நிஜ நடிகரைப் பிடித்திருக்கிறார்கள் என்று தங்கம்மா மிஸ்ஸி நினைத்தாராம்.

"மருந்து ஒழுங்காக் குடிக்கிறீங்களா ஐயா?"

"வெள்ளக் குளிசை காலையில. மஞ்சள் குளிசை ஞாபகம் வந்தா."

"பாத்தீங்களா புள்ளைகள், அசல் நோயாளி இப்படித்தான் சொல்லுவார்" என்று மிஸ்ஸி கைதட்ட, ஐயா இரண்டாவது ரோல்ஸை எடுத்தாராம். நல்லவேளை, நான் போய் இறங்கிய ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி வந்ததால் மூன்றாவதைத் தடுத்துவிட்டார்கள்.

மாலையில் சுகந்தி ஐயாவையும் என் காற்சட்டையையும் கொண்டு வந்தாள். இம்முறை முதலில் ஐயாவின் காதில் குனிந்து, "ஐயா, உங்கட ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்திட்டம். மகள் நிக்கிறா" என்றாள். ஐயாவின் முகம் தெளிந்தது. மகள் அழுதார். என்னை மட்டும் சும்மா விடவில்லை. "உள்ளே வந்த நோயாளியைப் பொறுப்பாளர் இல்லாமல் வெளியே விட முடியாது" என்றார் அங்கிருந்த டொக்டர். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார் என்பது எனக்குத் தெரியும். சுகந்தி கையெழுத்துப் போட்டு என்னை எடுத்தாள்.

பிறகு கலியாணமும் செய்தாள். யுத்தம் முடிந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், இருவருமாக நூற்றுக்கணக்கான வயோதிபர்களை இடம் மாற்றிவிட்டோம். வீட்டில் நான் குரலை உயர்த்தினால் அவள் பதிலுக்குச் சத்தம் போடுவதில்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வாள்:

"உங்கட அப்பாவ நான் ஒருக்கா ஒழுங்கா ஒப்படைச்சிட்டன் மனே. திருப்பி எடுத்ததுதான் பிழை."