அறுநூறு வாட்ஸும் அல்வால் விமானமும்

மனைவியின் பாட்டு வகுப்புக்காகக் கம்ப்யூட்டரைப் புதுப்பித்துத் தருவது என்று புருஷோத்தமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது காபிக்கும் குளியலுக்கும் நடுவே மகத்தான முடிவெடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்காக அவர் எடுத்த முதல் மகத்தான முடிவு அது. அதனால்தான் கிரிஜாவுக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

கிரிஜா அல்வால் பேட்டையில் இருந்த வீட்டின் முன்னறையில் உட்கார்ந்தபடி அமெரிக்காவில் இருக்கும் குழந்தைகளுக்கு ஸ்கைப்பில் பாட்டு சொல்லிக்கொடுப்பவள். இங்கே பால் பாக்கெட் வரும் நேரத்தில் சரளி வரிசை ஆரம்பமாகும். அங்கே நியூஜெர்ஸியில் ராத்திரிச் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் பையனுக்காக வாங்கியது. அவன் லேப்டாப்போடு வாரங்கல் ஹாஸ்டலுக்குக் கிளம்பிப் போனதும் அது அம்மாவின் சொத்தாகிவிட்டது. கொஞ்ச நாளாக அதில் ஒரு தொல்லை. குழந்தை 'பதநி' என்று வாயைத் திறக்கும். திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிடும்.

"இதுக்கு கிராஃபிக்ஸ் கார்டு போடணும். அதைப் போட்டா குழந்தையோட பல்லைக்கூட எண்ணிடலாம்," என்றார் புருஷோத்தமன். பல் பார்க்க டாக்டர் இருக்கிறார், பாட்டு காதில் விழுந்தால் போதும் என்று கிரிஜா சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

கார்டு எதற்கு என்பது வேறு கதை. ஆபீஸில் அவருக்குப் பக்கத்து மேஜை ஜெகதீஸ்வரன். அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. பேகம்பேட் ஏர்போர்ட்டில் கிளம்பி, ஹுசேன் சாகர் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி பேகம்பேட்டில் இறங்குவார் மனுஷர். புருஷோத்தமன் அந்த நாற்காலியின் பின்னால் ஒரு மாலை முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பல வருஷமாக விமானத்துக்கு போல்ட்டும் நட்டும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிற கை அது. விமானத்தில் ஏறியதோ ஒரே தடவை, அதுவும் நடு சீட்டு. பையனுக்கு என்று பொய் சொல்லி அந்த சி.டி.யைக் கேட்டு வாங்கி, பேப்பரில் சுற்றி, பீரோவில் பழைய பேண்ட்டுகளுக்கு அடியில் வைத்தார். போட்டுப் பார்த்தால், வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் கூழுக்குள் விழுந்த ஈயாக ஊர்ந்தது. அதற்குத்தான் கார்டு. ஓட்டப் பழகிக்கொண்டு, ஒரு நாள் ஜெகதீஸ்வரனைக் காபிக்குக் கூப்பிட்டு, பேசிக்கொண்டே அலட்சியமாக ஒரு லேண்டிங் செய்து காட்ட வேண்டும். இது நடக்காவிட்டால் ஜென்மம் வீண் என்று அவருக்குத் தோன்றியது.

புருஷோத்தமன் ராணுவ ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் பர்ச்சேஸ் ஆபீஸர். அங்கே குண்டூசி வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். மூவரில் எவன் குறைந்த விலை சொல்கிறானோ அவனுக்கு எல்-ஒன் என்று பெயர். ஆர்டர் எல்-ஒன்னுக்குத்தான். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் ஆடிட் வரும். டிபன் பாக்ஸைக்கூட ஆபீஸில் மறந்துவிட்டு வருகிறவர், இந்தப் பழக்கத்தை மட்டும் தினம் தவறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கறிவேப்பிலைக்கு மூன்று கடை. முடி வெட்டிக்கொள்ள மூன்று சலூன். எல்-ஒன் வெட்டிய தலையைத் தெரு முழுக்கப் பார்த்தது.

"எங்கப்பாவுக்கும் மூணு வரன் வந்தது. இருக்கறதுலேயே சீர் கம்மியாக் கேட்டது நீங்கதான். அவரும் எல்-ஒன்தான் பார்த்தார்," என்று கிரிஜா எப்போதாவது சொல்லுவாள். அதை அவர் மாமனாரின் நிர்வாகத் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக நிற்கும் பார்க் லேனில் கார்டு வாங்கியாகிவிட்டது. கார்டு விற்றவன்தான் குண்டைத் தூக்கிப் போட்டான். பழைய எஸ்.எம்.பி.எஸ். இதைத் தாங்காது, பெரிதாக ஒன்று போட வேண்டும் என்றான். எஸ்.எம்.பி.எஸ். என்பது கம்ப்யூட்டரின் முதுகில் உட்கார்ந்து உள்ளே இருப்பவர்களுக்கெல்லாம் கரண்ட் பரிமாறும் இரும்புப் பெட்டி. புருஷோத்தமன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டெண்டரில் இறங்கினார்.

முதல் கடையில் காட்டிய பெட்டி செங்கல் கனம் கனத்தது. நானூற்றைம்பது வாட்ஸ், விலை கையைக் கடித்தது. இரண்டாவது கடையில் ஐந்நூறு வாட்ஸ். கனம் குறைவு, விலையும் குறைவு. மூன்றாவது, மாடிப்படிக்கு அடியில் இருந்த கடை. அங்கே அறுநூறு வாட்ஸ். ஸ்டிக்கரில் மின்னல் படம் வேறு போட்டிருந்தது. விலை எல்லாவற்றையும்விடக் குறைவு. வாட்ஸ் ஏற ஏற விலை இறங்குகிறதே என்று வேறு யாராவது யோசித்திருப்பார்கள். இவர் தன் அதிர்ஷ்டத்தை நினைத்துப் பூரித்துப்போனார். கியாரண்டி உண்டா என்று கேட்டார். "ஹவ் சாப்," என்றான் கடைக்காரன்; 'ஆமாம் சார்' என்று அர்த்தம். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். அதற்கும் "ஹவ் சாப்"தான்.

வீட்டில் கிரிஜா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். அப்பளக் கட்டைத் தூக்குவதுபோல் சுலபமாக வந்தது.

"ஏன்னா, உள்ளே சாமான் இருக்கோ? இல்லே, சாமான் தனியா வருமா?"

"டெக்னாலஜி கிரிஜா. எல்லாம் சின்னதாயிண்டே வரது."

"எது சின்னதாச்சோ தெரியலை. ஸ்டிக்கர் நன்னாப் பெரிசா இருக்கு."

பெண்களுக்கு வாட்ஸ் புரியாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மாலைக்குள் எல்லாவற்றையும் மாட்டிவிட்டார். இரண்டு ஸ்க்ரூ மிஞ்சியது. அதையும் டெக்னாலஜி கணக்கில் சேர்த்துக்கொண்டார். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைக் குப்பையில் போடப் போனபோது கிரிஜா வாங்கி, கிழிந்த துண்டில் மூட்டை கட்டி லாஃப்டில் போட்டாள். அவள் எதையும் தூக்கிப் போடுகிற ரகம் இல்லை; அவரையே வைத்துக்கொண்டிருக்கிறாளே.

மறுநாள் வகுப்பில் குழந்தை வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கார்டுக்கும் ஸ்கைப்புக்கும் சம்பந்தமில்லை என்று புருஷோத்தமனுக்கே தெரியும். தான் சொன்ன பொய் தானாகவே பலித்துவிட்டதில் அவர் ஆடிப்போனார். சமாளித்துக்கொண்டு, "பார்த்தியா?" என்றார். கிரிஜா பார்த்தேன் என்றாள்.

செவ்வாய், சனி மாலைகளில் கிரிஜா பஜனைக்குப் போவாள். பஜனை நடப்பது ஜெகதீஸ்வரன் வீட்டில். அவர் மனைவி மங்களம்தான் ஹார்மோனியம். கிரிஜா கேட்டைச் சாத்தியதும் புருஷோத்தமன் சி.டி.யை எடுத்தார். திரையில் பேகம்பேட் ரன்வே பளிச்சென்று விரிந்தது. புல் தெரிந்தது, புல்லின் நிழல் தெரிந்தது. அவருக்குக் கண் கலங்கியது. விமானம் ஓடியது, வேகம் பிடித்தது, மூக்கைத் தூக்கியது. சக்கரம் தரையை விடப்போகும் நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். திரை இருண்டது. கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது.

மறுபடி போட்டார். ஓட்டம், மூக்கு, டிக். அடுத்த சனிக்கிழமையும் அதே கதை. அதற்கடுத்த செவ்வாயும். ரன்வேயில் அவர் ஓடிய தூரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஸ்ரீசைலம் போய் தரிசனமே செய்திருக்கலாம்.

அவருக்குக் காரணம் புரியாமல் இல்லை. சரளி வரிசை ஒரு பாரமே இல்லை; கார்டு தூங்கிக்கொண்டிருக்கும். விமானம் கிளம்பும்போதுதான் அது விழித்துக்கொண்டு சோறு கேட்கும். அறுநூறு வாட்ஸ் ஸ்டிக்கரில் இருந்தது. பெட்டிக்குள் அதில் பாதியாவது இருந்ததா என்று தெரியவில்லை. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் எல்-ஒன் தவறு என்று ஆகும். பிறகு ஆபீஸில் எந்த முகத்தோடு கையெழுத்துப் போடுவது? பழியைப் போட வேறு ஆள் தேடினார். சமையலறையில் கிரைண்டர் இருந்தது.

"நீ கிரைண்டர் போடறதாலே வோல்டேஜ் இழுக்கறது. கம்ப்யூட்டர் அணைஞ்சு போறது," என்றார்.

"எப்போ அணைஞ்சது?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"அப்போ நான் பஜனையிலன்னா இருந்தேன். கிரைண்டரை யார் போட்டா?"

புருஷோத்தமன் சுவரில் ஓடிய வயரைப் பார்த்தார். பிறகு, காலையில் அரைத்த சூடு சாயங்காலம்வரை வயரிலேயே தங்கும் என்று ஒரு புது விஞ்ஞானத்தை அவிழ்த்துவிட்டார்.

கிரிஜா எதிர்வாதம் செய்யவில்லை. சரி, இனிமேல் அரைக்கவில்லை என்றாள். அவள் சண்டை போட்டால் பிழைத்துவிடலாம். இப்படிப் பணிந்துபோனால்தான் ஆபத்து. இது அவருக்கு மறந்துபோனது. மறுநாள் உப்புமா. அதற்கு மறுநாளும் உப்புமா. தோசையை அடுத்த வீட்டு வாசனையாக மட்டும் அனுபவிக்கும் நிலைமைக்கு அவர் வந்துசேர்ந்தார். அப்படியும் விமானம் எழும்பவில்லை.

கடைசியில் அதுவும் நடந்தது. ஒரு சனிக்கிழமை மாலை சக்கரம் தரையை விட்டது. விட்டேவிட்டது. ஹுசேன் சாகரின் ஓரம் லேசாகக் கண்ணில் பட்டது. "வந்துட்டேன் ஜெகதீசா," என்று புருஷோத்தமன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்ற அதே நொடியில் கம்ப்யூட்டரின் முதுகில் பட்டாசு வெடித்தது. புகை வந்தது. பஜனை முடிந்து சுண்டலோடு உள்ளே வந்த கிரிஜா, துண்டால் புகையை விசிறிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

புகை அடங்கியதும் புருஷோத்தமனுக்கு உற்சாகம் பிறந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? வகுப்பைச் சொல்லி, அந்தச் செங்கல் கனப் பெட்டியையே வாங்கிவிடலாம். பாவம் குழந்தைகள், வகுப்பு நின்றுபோகக் கூடாது, உடனே நல்லதாக ஒன்று போட்டாக வேண்டும் என்று உருகினார்.

"வாங்கலாமே," என்றாள் கிரிஜா, சுண்டலைத் தட்டில் போட்டபடி. "மூணு கொட்டேஷன் வேணுமோன்னோ? ரெண்டு நீங்க சொல்லுங்கோ. ஒண்ணு நான் தரேன்."

அவர் பேஷாக இரண்டு சொன்னார். செங்கல் பெட்டி ஒன்று, அதற்கு மேலும் விலை உள்ளது ஒன்று. கிரிஜா ஸ்டூலைப் போட்டு லாஃப்டிலிருந்து துண்டு மூட்டையை இறக்கி மேஜைமேல் வைத்தாள்.

"இது என் கொட்டேஷன். விலை கிடையாது."

புருஷோத்தமன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "இது டெக்னிக்கலா செல்லாதும்மா. கார்டை இது தாங்காது."

"கார்டு எதுக்கு?"

"உன் கிளாஸுக்குத்தான்."

"என் கிளாஸ்ல படம் நின்னது நெட்டு வயராலே. நீங்க கார்டு வாங்கப் போன அன்னிக்கு மத்தியானமே கேபிள்காரன் வந்து வயரை மாத்திட்டான். கார்டு இல்லாட்டா பழைய பெட்டியே தாராளம்." ஒரு சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள். "வேற ஏதாவது வேலைக்குக் கார்டு வேணும்னா இப்பவே சொல்லிடுங்கோ. டெண்டர்ல சேர்த்துப்போம்."

ஒரே ஒரு வார்த்தை. விமானம் என்று சொன்னால் போதும். தொண்டைவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால், கார்டின் காரணம், பேண்ட்டுக்கு அடியில் சி.டி., வயரில் தங்கிய சூடு, இத்தனை நாள் உப்புமா எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். ஹுசேன் சாகரின் அந்த ஓரம் ஒருமுறை கண்ணில் ஆடி மறைந்தது.

"வேற வேலை ஒண்ணும் இல்லை," என்றார்.

"அப்போ யார் எல்-ஒன்?"

"நீதான்."

கார்டைத் தன் கையாலேயே கழற்றி அவளிடம் கொடுத்தார். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸையும் அவரே மாட்டினார். இந்தத் தடவை ஒரு ஸ்க்ரூவும் மிஞ்சவில்லை. மறுநாள் காலை சரளி வரிசை கணீரென்று ஒலித்தது. அன்று மாலை மேஜையில் புது மைக் ஒன்று நின்றது. கார்டை விற்று வாங்கினேன் என்றாள் கிரிஜா. யாரிடம் விற்றாய் என்று கேட்கும் தெம்பு அவருக்கு இல்லை. மாவு அரைத்துப் புளித்துத் தோசை விழ இன்னும் ஒரு நாள் ஆகும் என்பதால் அன்றைக்கும் உப்புமா.

திங்கட்கிழமை ஆபீஸில் ஜெகதீஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் பல்.

"சார், மங்களம் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு புடிச்சாந்தா, பாதி விலைக்கு. ஹுசேன் சாகர்ல அலையடிக்கிறதுகூடத் தெரியுமாம் சார். அந்த சி.டி.யைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்க."

புருஷோத்தமன் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். யாருடைய கார்டு என்று மெதுவாகக் கேட்டார்.

"பேரைச் சொல்ல மாட்டேங்கறா. இவ பஜனைக் கோஷ்டியில யாரோ ஒரு அம்மாவோட வீட்டுக்காரராம். பொண்டாட்டிக்குத் தெரியாம விமானம் ஓட்ட ஆசைப்பட்டு, காத்து மாதிரி ஒரு எஸ்.எம்.பி.எஸ். வாங்கிப் போட்டிருக்காரு. டப்புனு வெடிச்சிருச்சு. மொத நாள்லேருந்து அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியுமாம், ரெண்டு பேரும் வாராவாரம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களாம்." ஜெகதீஸ்வரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் சார் அந்த ஆளு. உங்களை மாதிரி மூணு கொட்டேஷன் வாங்கிப் பார்த்து வாங்கத் தெரியலை."