வைப்பருக்கு ஒரு பொத்தான்

ஒரு காட்டில் கார்த் தொழிற்சாலை ஒன்று இருந்தது. காட்டில் கார் எதற்கு என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அங்கே கணக்குப் பார்த்த நரி ஒருநாள் முதலாளி சிங்கத்திடம் சொன்னது: "ஒரு காருக்கு நாற்பது பொத்தான். ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனி ஸ்பிரிங், தனி ஒயர், மாட்டுவதற்குக் குரங்குகள் வேறு. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு கண்ணாடியைப் பதித்தால் பாதிச் செலவுகூட ஆகாது. தொடுதிரை என்று சொல்லி விலையையும் ஏற்றலாம்." சிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் காரை வாங்கியது டாக்ஸி ஓட்டும் கரடி கோதண்டம். பாவம், அதற்குப் பெருமை பிடிபடவில்லை. நேரே கோயிலுக்கு ஓட்டிப்போய்ப் பூஜை போட்டது. கொக்குக் குருக்கள் ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு வைத்தார். பளபளவென்றிருந்த திரையைப் பார்த்ததும் மனம் கேளாமல் அதன் நடுவிலும் சந்தனத்தை அள்ளி அப்பினார்.

கோயில் வாசலிலேயே பிரசவ வலியோடு ஒரு மான் ஏறியது. "அண்ணே, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே!"

பாதி வழியில் மழை கொட்டியது. கோதண்டம் வைப்பரைப் போடத் திரையைத் தட்டியது. திரையோ ஈரம் காயாத சந்தனத்தையே விரல் என்று நம்பி, அதன் அடியில் சீட்டைச் சூடாக்கும் படம் இருந்ததால், சூட்டை ஏற்றிக்கொண்டே போனது. கரடியை அது சட்டை செய்யவே இல்லை.

"அண்ணே, சீட்டு சுடுதுண்ணே!"

"பொறும்மா, வைப்பரத் தேடுறேன்!"

சந்தனத்தைத் துடைத்தால் சாமி குத்தம் ஆகிவிடுமே என்று கரடிக்கு நடுக்கம். வேறு வழியில்லாமல் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, தொப்பலாக நனைந்தபடி ஊர்ந்து ஊர்ந்து ஓட்டியது. ஆஸ்பத்திரி வருவதற்குள் பின் சீட்டிலேயே குட்டி பிறந்துவிட்டது. நல்லவேளை, தாயும் சேயும் நலம். கோதண்டத்துக்குத்தான் வயிறு எரிந்தது.

மறுநாள் தொழிற்சாலைக்குப் போய்க் கத்தியது: "ரெண்டு உசுரு போயிருக்கும்யா! வைப்பருக்கு ஒரு பொத்தான் வைக்கத் துப்பில்லையா?"

நரி கைகூப்பியது. "இருக்குதுங்களே! இப்பத்தான் புதுசா கண்டுபிடிச்சிருக்கோம். கண்ணால பாக்காமலே அழுத்தலாம். என்ன, சொகுசு மாடல், கொஞ்சம் கூடுதலா ஆகும்."

கோதண்டம் அழுத்திப் பார்த்தது. டக் என்றது. அந்தச் சத்தத்தில் சொக்கிப்போய், கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

நீதி: ஒரே பொருளை இரண்டு தடவை விற்க வேண்டுமானால், நடுவில் ஒரு தடவை அதைப் பிடுங்க வேண்டும்.