கேப்டன் பிழைத்த இரண்டாம் பாகம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். என் பித்தப்பை நலமில்லாமல் போனதால் அது இப்போது எங்களோடு இல்லை. அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாவும், மாப்பிள்ளையும், அவரைக் கட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்த என் மகளும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். தையல் பிரித்தாகிவிட்டது. உட்கார்ந்து எழுதலாம் என்று டாக்டர் சொன்னதும் முதல் காரியமாகப் பேனாவை எடுத்தேன். நன்றி சொல்லத்தான். நேரிலேயே சொல்லலாமே என்பீர்கள். நாம் நேரில் பேசுகிற லட்சணம் நமக்குத் தெரியாதா?

கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது. ஒவ்வொரு முறையும் பெண்கள் சமையலறைக்குள் போய்விடுவார்கள், மாப்பிள்ளை கடைக்குப் போய்விடுவார், சோபாவின் இந்த முனையில் நான், அந்த முனையில் நீங்கள். "அப்புறம்?" என்பீர்கள். "நீங்கதான் சொல்லணும்" என்பேன். "என்னத்தச் சொல்றது, ஓடுது" என்பீர்கள். பிறகு இருவரும் ஓடுகிற மின்விசிறியைப் பார்ப்போம். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் லிஃப்ட் மெக்கானிக், நான் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். நீங்கள் காலமெல்லாம் ஆட்களை மேலே அனுப்பினீர்கள், நான் காலமெல்லாம் கால் புள்ளி வைத்தேன். பேசுவதற்குப் பொதுவாக என்ன இருக்கிறது? எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அடுத்தவர் பேசினால் அதில் என்ன தப்பு என்றுதான் காது முதலில் தேடும். அதனால் நீங்கள் பேசாமல் இருந்ததே புத்திசாலித்தனம் என்று என் மனைவி சொல்வாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். டிவியில் இரண்டு பாகமாக வந்த அந்த விண்வெளிக் கதையின் முதல் பாகத்தை நான் வீட்டில்தான் பார்த்தேன். சரக்குக் கப்பல், நல்ல கேப்டன், நயவஞ்சகத் துணைக் கேப்டன். வெளியே ரிப்பேர் பார்க்கப் போன கேப்டன் திரும்பி வந்து, இரண்டு கதவுகளுக்கு நடுவே இருக்கிற சின்ன அறையில் மாட்டிக்கொள்கிறார். உள்கதவு திறக்கவில்லை, வெளிக்கதவு மெல்லத் திறக்க ஆரம்பிக்கிறது, காற்றுக் குழாயின் மானியில் முள் இறங்குகிறது, 'தொடரும்' என்று போட்டுவிட்டான். அந்த 'தொடரும்' வந்த நிமிஷத்தில்தான் எனக்கு வயிற்றில் சுருக்கென்றது. கதையின் தாக்கம் என்று நினைத்தேன். என் மனைவியோ வாயு என்றாள். எதிர்வீட்டுக் கம்பவுண்டர் இதயம் என்றார். கடைசியில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, கல் என்றார்கள். ஆளுக்கொரு பேர் வைத்தார்களே தவிர, இரண்டாம் பாகம் வருகிற சாயங்காலம் நான் வார்டில் படுத்திருப்பேனே என்று ஒருவரும் கவலைப்படவில்லை. வராந்தாவில் ஒரு டிவி இருந்தது. அதில் படம் வராது, செய்தி மட்டும் இரைச்சலோடு கேட்கும். நீயாவது பார்த்து வந்து சொல் என்று மனைவியைக் கெஞ்சினேன். "நீங்க இங்க படுத்துக் கெடக்கறப்ப நான் டிவி முன்னாடி உக்காந்திருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டாள். அந்த நாலு பேர் யாரென்று கல்யாணமான நாளிலிருந்து தேடுகிறேன்.

இதில் ஒரு விஷயம் நான் அவளிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயம், சம்பந்தி. கத்தி என்றாலே பயம். மயக்க ஊசி போட்டால் முழிப்பேனோ மாட்டேனோ என்று பயம். கேப்டன் உள்ளே வந்துவிட்டால் நானும் வந்துவிடுவேன் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சின்னப் பிள்ளை போடுகிற கணக்குதான். இந்த வயதில் வெளியே சொல்ல முடியுமா? அதனால் யார் வந்தாலும், "கதவு தெறந்துதா?" என்று மட்டும் கேட்டேன். ஆப்பிள் கொண்டுவந்தார்களே தவிர பதில் கொண்டுவரவில்லை.

விடிந்தால் ஆபரேஷன் என்கிற அன்று சாயங்காலம்தான் நீங்கள் வந்தீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். வழக்கம்போல "அப்புறம்?" என்று ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று நினைத்து நானே முந்திக்கொண்டு, "ரெண்டாம் பாகம் பாத்தீங்களா சம்பந்தி? கதவு தெறந்துதா?" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். தொண்டையைச் செருமினீர்கள். "தெறக்காம? தூசிதான் சம்பந்தி, வேற ஒண்ணுமில்ல" என்றீர்களே, அப்போது எனக்கு வந்த மூச்சு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்று வருஷத்தில் பேசாததையெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் பேசினீர்கள். ஒரு கதவு சரியாக மூடாமல் மறு கதவு திறக்காது, அது பாதுகாப்புக்காக வைத்தது, நடுவில் ஒரு சின்னத் தகட்டில் தூசி படிந்துவிட்டது, கேப்டன் பதறாமல் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார் என்றீர்கள். விண்வெளி உடுப்புக்குள் இருக்கிற கைக்குட்டையை எப்படி எடுத்தார் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். உள்ளே வந்த கேப்டன், "கிரீஸ் கொண்டாங்கடா" என்று கத்தினாராம். அடுத்து கப்பல் இரண்டு கிரகங்களுக்கு நடுவே மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டதாம். பாரம் அதிகம் என்று மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். யாராவது ஒருத்தர் இறங்க வேண்டும். எல்லோரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க, கேப்டன் "நான் எறங்கிக்கறேன்" என்றாராம். அப்போது அந்தத் துணைக் கேப்டனே அழுதுவிட்டு, "நீங்க எறங்கினா கப்பல் எதுக்குங்க? சரக்கத் தூக்கி வெளிய போடுங்கடா!" என்றானாம்.

இந்த இடத்தில் பக்கத்துக் கட்டில்காரர் மாவுக்கட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் படுத்து, "அப்புறம்?" என்றார். நேரமாகிவிட்டது, எல்லோரும் கிளம்புங்கள் என்று விரட்ட வந்த நர்ஸ், தெர்மாமீட்டரை உதறியபடியே நின்று, "மணி நின்னுச்சா இல்லையா, அதச் சொல்லிட்டுக் கெளம்புங்க" என்றாள். நானும் "அப்புறம்?" என்றேன். நம் இருவருக்கும் நடுவில் அந்த வார்த்தைக்குப் பதில் வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் என்னைத் தள்ளுவண்டியில் வைத்து லிஃப்டில் ஏற்றினார்கள். அது ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. வண்டி தள்ளினவர் "ஐயோ" என்றார். நான் சிரித்தேன். மயக்க டாக்டர் என்ன யோசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "தூசிதான் டாக்டர், தொடச்சா போயிடும்" என்றேனாம். முழித்தபோது முதலில் "கிரீஸ்" என்று கேட்டேனாம். அவர் பயந்து இன்னொரு பரிசோதனைக்கு எழுதிவிட்டார். அது தனிக்கதை.

சம்பந்தி, எனக்கு அலங்காரமாக எழுதத் தெரியாது. அடுத்தவர் அலங்காரத்தை அடித்துத்தான் பழக்கம். நீங்கள் அன்று வராமல் இருந்திருந்தால் நான் அழுதுகொண்டேதான் உள்ளே போயிருப்பேன். பார்த்ததைப் பார்த்தபடி ஒரு வரி விடாமல் வந்து சொன்ன உங்கள் ஞாபகசக்திக்கும் பெரிய மனசுக்கும் நான் என்றும் கடமைப்பட்டவன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் கையும் காலும் ஏணியில் வழுக்காமல் நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பித்தப்பை நீங்கிய,
தங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது இரண்டாம் பாகத்தை மறு ஒளிபரப்புச் செய்தார்கள். பார்த்தேன். கேப்டன் முதல் விளம்பரத்துக்கு முன்பே செத்துவிட்டார். கதவு கடைசி வரை திறக்கவே இல்லை. கைக்குட்டை இல்லை, கிரீஸ் இல்லை, பாரமணி இல்லை. மீதி நேரம் முழுக்க எல்லோரும் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தபோது என் மனைவி சொன்னாள், நீங்கள் வந்துபோன மறுநாளே சம்பந்தி அம்மா போனில் சொல்லிவிட்டாராம்: "செத்துட்டான்னு சொல்லத்தான் அவரு கெளம்பிப் போனாரு. உங்க வீட்டுக்காரர் மொகத்தப் பாத்ததும் வாய் வரலையாம். வீட்டுக்கு வந்து, 'கொஞ்சம் அதிகமா ஓட்டிட்டேனோ, கிரீஸ் வேணாமோ'ன்னு ராத்திரி பூரா பொரண்டுட்டே இருந்தாரு."

ஆகவே மேலே உங்கள் ஞாபகசக்தியைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிடவும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். காலமெல்லாம் பிழை திருத்தியவன் சொல்கிறேன், பிழை டிவிக்காரனுடையது. கிரீஸ் அவசியம் வேண்டும்.

அடுத்த வாரம் இன்னொரு இரண்டு பாகக் கதை ஆரம்பிக்கிறார்களாம். முதல் பாகத்தை மட்டும் பார்ப்பேன். இரண்டாம் பாகத்தன்று டிவியை அணைத்துவிட்டு, சோபாவின் இந்த முனையில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் வந்து அந்த முனையில் உட்காருங்கள். அப்புறம் என்ன என்று இந்தத் தடவை நான் கேட்கிறேன்.