குல்லாய் போட்ட தயிர்ப்பானை

மைக் இல்லாமலே அடுத்தவர் வயிற்றுப்போக்கை ஊருக்கு அறிவிக்கக்கூடிய ஒரே ஆள், குன்னூர் மலையில் எங்கள் எஸ்டேட் நர்ஸ்தான். அவருக்குப் பெயர் இருந்தது. யாருக்கும் தெரியாது. தயிர் சிஸ்டர் என்றால் பஸ் கண்டக்டர்கூட வழி சொல்வார்.

காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும்போது வந்து நிற்பார்.

"ஏனுங்க செல்வி, நேத்து தண்ணியாப் போச்சே, இன்னிக்கு கெட்டியாச்சுங்களா?"

செல்வி முக்காட்டுக்குள் ஒளிந்துகொள்வாள். சூப்பர்வைசர் வானத்தைப் பார்ப்பார். சிஸ்டருக்கு வெட்கம் கிடையாது. மனிதக் குடலுக்குள் ஒரு எஸ்டேட்டே நடக்கிறது, கோடி கோடியாகக் கிருமிகள் நமக்காக வேலை செய்கின்றன, கெட்ட கிருமி வந்து குடியேற அவை இடம் விடுவதில்லை என்பார். அவற்றைக் கிருமி என்றுகூடச் சொல்ல மாட்டார். "நம்ம ஆளுங்க" என்பார். தயிரிலும் அவங்கதான் இருக்காங்க என்று லைன் வீடுகளுக்கெல்லாம் உறைமோர் கொடுப்பார்.

நான் அந்த எஸ்டேட்டின் டீ மேக்கர். ஃபேக்டரியில் தூளின் தரத்துக்கு நான்தான் பொறுப்பு. என் மூக்குதான் என் சோறு. ஒரு ஜூலையில் தூளில் புளித்த வாடை அடித்தது. தேயிலை பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையை இழுத்துக்கொள்ளும். கத்திக்கொண்டே ஃபேக்டரி முழுக்கத் தேடினேன். இலையைச் சூட்டில் காயவைக்கும் டிரையருக்குப் பின்னால் ஒரு மண்பானை. அதற்கு ஸ்வெட்டர். அதற்கு மேல் குரங்குக் குல்லாய்.

"யாரு பானைடா இது?"

சிஸ்டரே வந்தார். "என்னுதுங்க சார். இந்தக் குளிருக்குப் பால் உறைய மாட்டேங்குதுங்க. இங்கதான் நம்ம ஆளுங்களுக்குக் கதகதப்பு."

"என் டீ நாறுது!"

"உங்க டீக்கு நீங்க இருக்கறீங்க. இதுகளுக்கு யாருங்க இருக்கறா?"

பானையைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அவர் குல்லாயை எடுத்து உதறித் தன் தலையில் மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், முன்பு தான் உறைமோர் கொடுத்த வாசல்களிலேயே நின்று, ஆளுக்கு ஒரு கரண்டி கேட்டு வாங்கினார். எனக்கு உறைக்கவில்லை. அப்போது நான் அப்படித்தான்.

எனக்குச் சளி பிடித்தால் ருசி தெரியாது, வேலை நடக்காது. அதனால் மூக்கு ஒழுகினாலே ஆன்டிபயாடிக் விழுங்குவேன். ஒருநாள் சிஸ்டரிடம் அதைக் கேட்டேன்.

"சளி வைரஸுங்க. இந்த மாத்திரை அதை ஒண்ணும் பண்ணாது. நம்ம ஆளுங்கதான் சாவாங்க. களைமருந்து அடிச்ச காட்டுல முதல்ல எது முளைக்குது? உண்ணிமுள்ளுதானுங்க?"

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்லீங்க. அதனாலதான் தரலீங்க."

போடி என்று மனதுக்குள் திட்டிவிட்டுக் கடையில் வாங்கினேன். அந்த மழைக்காலத்தில் மூன்று முறை. மூன்றாவது முறை முடிந்த வாரம் வயிறு திறந்துகொண்டது. காய்ச்சல், முறுக்கு வலி, ஒரே நாளில் பதினைந்து தடவை. தலைவலி என்று பொய் சொல்லி லீவு போட்டேன். இரண்டாம் நாள் கக்கூஸ் கதவு தட்டப்பட்டது.

"சார், எத்தனை தடவைங்க?"

"போங்க சிஸ்டர்!"

"நீங்க முதல்ல வெளிய வாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் கையில் பேதியை நிறுத்தும் மாத்திரை இருந்தது. பிடுங்கிக்கொண்டார். "விஷத்தை உள்ள வெச்சுப் பூட்டப் போறீங்களா?"

எனக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. "சிஸ்டர், உங்க தயிர் கொஞ்சம் குடுங்களேன்" என்றேன். பானையைக் கவிழ்த்த நானே கேட்டேன்.

"தயிர் இதுக்கு ஆகாதுங்க. ஆஸ்பத்திரி." அந்த ஒரு பதிலுக்காகவே அவரை நான் கும்பிடுகிறேன். கிறுக்கு என்று நாங்கள் சொன்னவருக்குத் தன் பானையின் எல்லை தெரிந்திருந்தது. எனக்குத்தான் எதன் எல்லையும் தெரியவில்லை.

எஸ்டேட் ஜீப்பில், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எங்கள் நடுவில் ஒரு வாளி ஆடியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்றார். சிஸ்டர் பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். என் குப்பைத்தொட்டியைக் கிளறியிருக்கிறார்! அதைப் பார்த்ததும் டாக்டர் மலப் பரிசோதனைக்கு எழுதினார். முடிவு வந்ததும், நல்ல கிருமிகள் அழிந்து, கெட்ட ஒன்று குடலைப் பிடித்துக்கொண்டது என்றார். இன்னும் தாமதித்திருந்தால் குடலே ஓட்டையாகியிருக்கலாமாம். சிஸ்டர் "உண்ணிமுள்ளு" என்று மட்டும் முணுமுணுத்தார்.

ஐந்தாம் நாள் வயிறு அடங்கியது. "நம்ம ஆளுங்க திரும்பி வருவாங்களா?" என்று கேட்டேன். நம்ம ஆளுங்க என்று நான் சொன்னதை அவர் கவனித்தார்.

"வருவாங்க சார். நான் லைன்ல கரண்டி கரண்டியா வாங்கினேன் பாருங்க, அந்த மாதிரி. மெதுவா."

நன்றி சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வேலைக்குத் திரும்பிய அன்று, தூள் இருக்கும் பக்கம் காற்று போகாத பாய்லர் அறை மூலையில் பானைக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தேன். இன்றும் பானை அங்கேதான் இருக்கிறது. ஸ்வெட்டர் அவருடையது. குல்லாய் என்னுடையது.