ஜெசிதா கோலுக்கு நிற்பாளா?

குருநகர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள றெஜினா அக்காவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் எழுதினால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டி வருமே என்று நிறுத்திக்கொண்டேன். கொழும்பில் நீங்கள் சுகமாக இருப்பீர்கள். அதிலும் எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம்தான்.

நாளை பின்னேரம் எங்கள் கோயில் பங்குப் பெண்கள் உதைபந்தாட்டக் குழுவுக்கு இறுதிப்போட்டி. கோலுக்கு நிற்பவள் என் மகள் ஜெசிதா. அவளை விட்டால் வேறு ஆளில்லை. "என்ரை பிள்ளை நிப்பாள், சுவாமி" என்று பங்குச் சுவாமியாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நாளைக்கேதான் கொழும்பில் அந்தப் பெரிய இசைநிகழ்ச்சியும். செவ்வாய்க்கிழமை வலை ஊசியைத் தேடிக்கொண்டு போனால், அந்தோனியார் படத்துக்குப் பின்னால் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு டிக்கெட்! தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர், நான் தொலைக்காததையும் காட்டித் தந்துவிட்டார். உறையில் உங்கள் மகள் தாரிகாவின் கையெழுத்து.

அன்றிலிருந்து நான் ஒழுங்காகக் கடலுக்கும் போகவில்லை. டிக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு ஜெசிதாவைக் கேட்டேன். "எனக்கு பைனல் மச் கிடக்கு அப்பா, நான் ஏன் போறன்?" என்று சிரிக்கிறாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை பாட்டை விட்டுவிட்டுச் சிரிக்குமா? பயிற்சிக்குப் போனவளின் பின்னாலேயே போய், கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தோடு ஒட்டி ஒளிந்திருந்தேன். அன்றுதான் அதற்குப் பெயின்ற் பூசினார்கள் என்று ஒருவனும் சொல்லவில்லை, முதுகெல்லாம் நீலம், பதறி எழும்ப மூக்கில் பந்து. உதைத்தவள் ஜெசிதா, அது தற்செயல் என்று நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்தால், என் மனைவி யசிந்தா மீன் வெட்டியபடி ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள். "அவள் போகமாட்டாள், நான் சொல்லுறன், சும்மா இருங்கோ" என்கிறாள். இவளுக்கு எப்படி இவ்வளவு உறுதி? தாயும் மகளும் கூட்டு என்று அந்த நிமிடமே பிடித்துவிட்டேன். ஆகவே பிள்ளையின் பயணப் பையை வலைக்கயிற்றால் ஒன்பது முடிச்சுப் போட்டுக் கட்டி என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். அதையும் மீறி அவள் அங்கே வந்தால், உள்ளே விடாமல் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். சுவாமியார் முகத்தில் நான் முழிக்கவேண்டும், அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். தாரிகாவுக்கு, விசாரணை முடியும்வரை, பாதி ஆசீர்வாதம் மட்டும்.

உங்கள் தம்பி,
கனிசியஸ்

பி.கு: இதைச் சனிக்கிழமை காலை பஸ் நிலையத்தில் நின்று எழுதுகிறேன். ஜெசிதா வீட்டில் சப்பாத்துக்கு லேஸ் கோத்துக்கொண்டிருக்கிறாள். கடிதத்தையும் கருவாட்டுப் பொதியையும் கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட வந்தால், யன்னலோரச் சீற்றில் யசிந்தா! தெல்லிப்பழையில் தமக்கை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்தவள். தாரிகா அந்த டிக்கெட்டைத் தன் மாமிக்குத்தான் அனுப்பினாளாம். "கேட்டால் விடமாட்டியள் எண்டுதான் கேக்கேல்லை. பிள்ளையின்ரை மச்சுக்கு நீங்கள் நிக்கிறியள்தானே" என்றாள். இருபத்துமூன்று வருடமாக அவளுக்குப் பாட்டுப் பிடிக்குமா என்று நானும் கேட்டதில்லை; வெட்கமாக இருக்கிறது, அக்கா. வந்தால் உள்ளே விடுங்கள். கடிதத்தையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுக்கிறேன், ஆனாலும் கிளிநொச்சி தாண்டமுன் பிரித்துவிடுவாள் என்று சந்தேகம். யசிந்தா, வாசிச்சது காணும், கடிதத்தை மூடு. கருவாட்டை மடியிலை வைக்காதை, புதுச்சீலை மணக்கும்.